பெண்ணின் அம்மாவுக்கு மேக்கப்

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு மண்டபம், சமையல், ஜவுளி எல்லாவற்றுக்கும் பேசி முடித்துவிட்டுக் கடைசியாக மேக்கப்புக்குப் பேச ஒரு பெண்ணை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தோம். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பார்லர் வைத்திருக்கிறவள். என் கணவருடைய அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, கூடத்தில் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணப் பெண்ணுக்கு ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும், தனக்கு, தன் மருமகளுக்கு என்று ஓரகத்தி சொல்லி முடித்ததும் அந்தப் பெண், “பொண்ணோட அம்மாவுக்குங்க?” என்று கேட்டாள்.

“அவங்களுக்கு எதுக்கு? அவங்க எங்க மேடைக்கு வரப் போறாங்க” என்றார் ஓரகத்தி.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பேன். டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்வதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். என் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. புருஷன் இல்லாதவள் கல்யாண மேடைக்கு வரமாட்டாள், பின்னால் சமையல்கட்டுப் பக்கம் இருப்பாள் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமில்லை. நானே மற்றவர்கள் கல்யாணத்தில் அப்படித்தான் இருந்தேன். ஆனால் இது என் மகள் கல்யாணம். பெற்றவள் நான், வளர்த்தவள் நான், படிக்க வைத்தவள் நான்.

கோபம் வந்தால் எனக்குக் குரல் உயராது, தாழ்ந்து போகும். வீட்டில் எல்லாரும் அதற்குத்தான் பயப்படுவார்கள். டீத் தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுச் சொன்னேன். “எனக்கும்தான் பேசுங்கக்கா. ரிசப்ஷன்ல நான் எம்பொண்ணு பக்கத்துலதான் நிக்கப் போறன். மூஞ்ச தொடச்சிக்கிட்டு நிக்க மாட்டன்.”

பார்லர்காரப் பெண் டீயை ஊதி ஊதிக் குடித்தாள். ஓரகத்தி என்னைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் ஓரகத்தியின் கணவர், என் மூத்தாரே கிளம்பி வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், என் கணவர் போன பிறகு எங்களுக்கு ஒரு குறையும் வைக்காதவர். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேசுவது கஷ்டம். ஊர் என்ன சொல்லும், நல்ல காரியத்தில் எதற்கு வம்பு என்று ஆரம்பித்தார். நான் தயாராகத்தான் இருந்தேன். தாரை வார்ப்பது நீங்களும் அக்காவும்தான், அதில் நான் தலையிடவில்லை என்றேன். முகூர்த்த மேடையில் எனக்கு வேலையில்லை. ஆனால் முதல் நாள் சாயங்கால ரிசப்ஷனில் ஐயரும் இல்லை, அக்னியும் இல்லை. வருகிறவர்கள் கவர் கொடுப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு சாப்பிடப் போவார்கள். அந்த மேடைக்கு என்ன தீட்டு?

“சரி, நிக்கறது ஒண்ணு. மேக்கப்பு எதுக்கும்மா?” என்றார்.

“நான் பூ கேட்டனா மாமா? குங்குமம் கேட்டனா? கன்னத்துக்குக் கொஞ்சம் கலருதான. அதப் போடக் கூடாதுன்னு எந்தச் சாத்திரத்துல இருக்குது, சொல்லுங்க, வுட்டுடறன்.”

அவர் யோசித்தார், நிஜமாகவே யோசித்தார். பூவுக்குச் சட்டம் இருக்கிறது, பொட்டுக்கு இருக்கிறது, வளையலுக்கும் மஞ்சளுக்கும் இருக்கிறது. கன்னத்துக்குப் போடுகிற பிளஷுக்கு யாரும் சட்டம் போட்டுவைக்கவில்லை. அதெல்லாம் எழுதின காலத்தில் அது கடைக்கு வந்திருக்காது. அவர் கடைசியில் மாப்பிள்ளையின் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாளும் என்னைப்போலத்தான், ஸ்ரீமுஷ்ணம் பக்கம், நிலம் பார்த்துக்கொண்டு தனியாளாகப் பிள்ளையை வளர்த்தவர். புருஷன் போன நாள்முதல் ஒரு நல்லது கெட்டதுக்கு முன்னால் வந்ததில்லையாம், அவ்வளவு அடக்கமாம். “அவங்களப் பாத்தாவது நடந்துக்கயேம்மா” என்றார்.

அன்றுமுதல் எதற்கெடுத்தாலும் சம்பந்தியம்மா பேச்சுதான். நான் பட்டுப் புடவையில் அரக்கு நிறம் எடுத்தால், சம்பந்தியம்மா சாம்பல் நிறம்தான் கட்டுவார்களாம். நான் போனில் சத்தமாகச் சிரித்தால், சம்பந்தியம்மா பல் தெரியச் சிரிக்கமாட்டார்களாம். நிச்சயதார்த்தத்தில் அந்த அம்மாளை ஒரே ஒருமுறை பார்த்திருந்தேன். உள் அறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார், வாங்க என்றதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத அந்த மனுஷிமேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது. நீ அடங்கி உட்கார்ந்ததால்தானே என்னையும் உட்காரச் சொல்கிறார்கள் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

பார்லர்காரப் பெண் அடுத்த நாளே போன் செய்து, “பெரியவங்க வேண்டான்னு சொல்லிட்டாங்க, என்னைத் தப்பா நெனச்சிக்காதீங்க” என்றாள். நினைக்கவில்லை. அவளுக்குப் பிழைப்பு இருக்கிறது. நானே போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். முகத்துக்கு நிறம் தீட்டுவது எனக்கு என்ன புது வேலையா? செராமிக் எஸ்டேட்டில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சூளையில் முதல் சூட்டில் வெந்து வருகிற பொம்மைக்குப் புருவம், உதடு, கன்னம் எல்லாம் என் கைதான். சென்னையில் வேலை பார்க்கிற என் மகள் இதைக் கேட்டுவிட்டு, “நீ போடும்மா, யாரு என்ன சொல்றாங்க பாப்பம்” என்றாள். அவளுக்கும் என் புத்திதான்.

முதலில் பிளஷ் வாங்கப் போனேன். கடைத்தெரு ஃபேன்சி ஸ்டோரில் எனக்குத் தெரிந்த பெண்தான் கல்லாவில் இருந்தாள். பொண்ணுக்காக்கா என்று கேட்டாள். எனக்கு என்றேன். கொஞ்ச நேரம் வளையல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு வட்ட டப்பாவைத் திறந்து காட்டினாள், ரோஜாப்பூ நிறம். எல்லாருக்கும் இதுதான் போகும் என்றாள். விரலில் தொட்டு என் கையில் தேய்த்தேன். நான் நல்ல கறுப்பு. அந்த ரோஸ் என் தோலில் விபூதி பூசி அழித்தமாதிரி வெளிறித் தெரிந்தது. சாம்பலைக் கன்னத்தில் தடவவா இவ்வளவு சண்டை போட்டேன்?

இருக்கிறதை எல்லாம் எடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்தேன், உள்ளே வந்தேன், மறுபடி போனேன். டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்த்து எடுத்தால் ஏமாந்துபோவோம் என்பது பெயின்ட் வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். முழங்கை வரைக்கும் கோடு கோடாக இருந்தது. கடைசியில் அடித்தட்டில், யாரும் கேட்காமல் தூசி படிந்து கிடந்த ஒரு குச்சி, லிப்ஸ்டிக்மாதிரி திருகி ஏற்றுகிறது, செங்கல் நிறம். டப்பாவில் பார்த்தால் பயமாக இருந்தது. கையில் தடவித் தேய்த்ததும் தோலுக்குள்ளேயே இருந்து வந்த நிறமாகத் தெரிந்தது. இதுதான் என்றேன். கடைப்பெண், “ரொம்ப டார்க்கா இருக்குதேக்கா” என்றாள். “நானே டார்க்குதானம்மா” என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து போட்டேன். போனில் மகள் அனுப்பின வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, நான் அதை ஏன் பார்க்கப் போகிறேன்? இத்தனை வருஷமாக ஆயிரக்கணக்கான கன்னம் பார்த்த கை. கன்னத்து மேட்டில் வைத்து வட்டமாகத் தேய்த்து, மேலே இன்னொரு கை ஓட்டினேன். அப்படியே கிளம்பி வேலைக்குப் போனேன். கம்பெனி வாசலில் என்னோடு வேலை செய்கிறவள் ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். “யாருக்கா அடிச்சது?”

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே பதறிப்போய்க் கேட்டாள். கழுவுகிற தொட்டிப் பக்கம் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் அறை வாங்கினவள் முகம்தான் அது. எங்கே தப்பு என்று எனக்குப் பிடிபடவே இல்லை. பிறகு என் இடத்தில் உட்கார்ந்து ஒரு பொம்மையை எடுத்துக் கன்னத்துக்கு நிறம் வைக்கும்போதுதான் புரிந்தது. பொம்மைக்கு நாங்கள் எப்போதும் ஒரு கை கூடத்தான் வைப்போம். மேலே மெருகு பூசி மறுபடி சூளைக்குள் போனால் சிவப்பைச் சூடு தின்றுவிடும், பாதிதான் மிஞ்சும். அந்தப் பாதிக்காகச் சேர்த்து வைக்கிற பழக்கம் கையில் ஊறிவிட்டது. என் கன்னத்துக்கும் சூளைக் கணக்கில் வைத்திருக்கிறேன். நான் எந்தச் சூளைக்குள் போகப் போகிறேன்? விஷயத்தைச் சொன்னதும் ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாக்கா, உன்னையும் ஒரு தட்டில் வைத்து உள்ளே தள்ளுகிறோம் என்றாள் அவள். நானும்தான் சிரித்தேன். புருஷன் போன பிறகு வேலை இடத்தில் அவ்வளவு சிரித்தது அன்றைக்குத்தான்.

கையை மாற்றுவது லேசாக இல்லை. குறைத்து வைத்தால் கை தானாகவே இன்னொரு முறை போய்விடும். குச்சியை நேராக முகத்தில் வைக்காமல் புறங்கையில் தேய்த்து, அதிலிருந்து மோதிர விரலால் தொட்டுத் தொட்டு வைக்கப் பழகினேன். தேய்க்கக் கூடாது, தட்டவேண்டும். கன்னத்து நடுவில் வைத்தால் வீங்கினமாதிரி இருக்கிறது, எலும்போரமாகக் காதுப் பக்கம் ஏற்றினால் முகம் நிமிர்கிறது. எங்கள் ஊர் வெயிலுக்கு வேர்வையில் வழியாமல் இருக்க முதலில் முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி ஈரம் நன்றாகக் காயவிடவேண்டும். பவுடரை அப்பக் கூடாது, ஒற்றி எடுக்கவேண்டும். சின்ன வயதிலிருந்து பவுடரை முகத்தில் கொட்டி வெள்ளையடித்தே பழகிய எனக்கு, என் முகம் இந்த நிறம்தான் என்று கண்ணாடியில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்ததே அந்த நாட்களில்தான். நன்றாகத்தான் இருந்தது. சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

இன்னொன்றும் முடிவு செய்தேன். கல்யாணத்தன்று திடீரென்று போட்டுக்கொண்டு போய் நின்றால்தானே எல்லாரும் பார்ப்பார்கள்? அதனால் தினமும் போட்டேன். வேலைக்கு, ரேஷன் கடைக்கு, கல்யாணப் பத்திரிகை வைக்கக் கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ்ஸில் போனபோது, எல்லா இடத்துக்கும். முதலில் துளிதான், பிறகு ஒரு துளி கூட. ஊருக்குக் கண் பழகட்டும் என்று விட்டுவிட்டேன். சிலர் உற்றுப் பார்த்தார்கள். என்னத்தையோ கேட்க வந்து கேட்காமல் போனவர்கள் உண்டு. கல்யாணக் களை உனக்குத்தான் வந்திருக்கிறது என்று ஒருத்தி இடித்துச் சொன்னாள். ஆமாம், பெற்றவளுக்கு வராமல் யாருக்கு வரும் என்றேன்.

ஓரகத்தி மட்டும் கடைசிவரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. புடவை மடிப்பைப் பார்த்துப் பேசுவார், சுவரைப் பார்த்துப் பேசுவார்.

ரிசப்ஷன் அன்றைக்கு மணமகள் அறையில் பார்லர்காரப் பெண் என் மகளுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் கன்னத்துக்குக் கலர் வைத்தேன். கண்ணாடி வழியாக மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு மை இட்டுக்கொண்டிருந்ததால் தலையை ஆட்டாமல், “அம்மா, இன்னும் கொஞ்சம் வையேன்” என்றாள். போதும் என்றேன். எனக்கு வேண்டிய அளவு எனக்குத் தெரிந்திருந்தது. பார்லர்காரப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, “லைட்டு அடிக்கும்ங்க, ஓரத்த மட்டும் கொஞ்சம் கலைச்சி விடுங்க” என்று மெதுவாகச் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டேன்.

மேடைப் படியில் மூத்தார் நின்றுகொண்டிருந்தார். வேண்டாம்மா என்று அவர் சபையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று அதுவரை யோசித்திருக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், என் மகள் என் கையைப் பிடித்திருந்ததைப் பார்த்தார். பிறகு படியை விட்டு ஒதுங்கி, “வழிய மறைக்காதீங்க, பொண்ணு வருது” என்று சும்மா நின்றிருந்த யாரையோ விரட்டினார். ஏறிவிட்டேன்.

ஒன்றுமே நடக்கவில்லை. வந்தவர்கள் கவர் கொடுத்தார்கள், கையைப் பிடித்தார்கள், பொண்ணு அழகா இருக்குது என்றார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் காதோடு காதாகப் பேசியதைப் பார்த்தேன். பேசட்டும். ஓரகத்தி மேடைக்கு அந்தக் கோடியில் நின்று யாரோ கேட்டதற்கு, “ஆமாங்க, அவங்கதான் பொண்ணோட அம்மா” என்று சொன்னது எனக்குக் கேட்டது. அழுதால் கன்னத்துக் கலர் கலையும் என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் போட்டோகிராபர் குடும்பப் படம் எடுக்க எங்களை வரிசைப்படுத்தினார். பெண்ணின் அம்மா இந்தப் பக்கம் வாங்க, மாப்பிள்ளை அம்மா அந்தப் பக்கம் வாங்க என்றார். மாப்பிள்ளைப் பையன் கேமராவைப் பார்த்தபடியே சொன்னான். “அம்மா உள்ள இருக்காங்க சார். வரமாட்டாங்க, நீங்க எடுங்க.”

மழை வராது என்று சொல்வதைப்போலச் சொன்னான். அவன்மேல் தப்பில்லை, அவனுக்கு நினைவு தெரிந்த நாளாக அப்படித்தான். எந்த மேடைக்கும் அவன் அம்மா வந்ததில்லை. இத்தனை நாள் அந்த அம்மாளைத் திட்டினேனே, ஒருமுறையாவது ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேனா? படம் எடுக்கவேண்டாம், கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். எங்கே போகிறாய் என்று மகள் கண்ணால் கேட்டாள். இரு, வருகிறேன் என்றேன். மணமகள் அறைக்குப் போய் என் பையை எடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் சம்பந்தியம்மா தனியாக உட்கார்ந்து தாம்பூலப் பையில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார். சாம்பல் நிறப் புடவைதான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்திருப்பார். “போட்டோவுக்கு வாங்க சம்பந்தி” என்றேன். பழக்கமில்லைங்க என்றார். எனக்கு மட்டும் என்ன பழக்கம், இன்றைக்குத்தான் நானும் ஏறினேன் என்றேன். உங்களைக் காட்டித்தான் என்னை உட்காரச் சொன்னார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“எனக்கும் சேதி வந்துது. பொண்ணோட அம்மா மேடையில நிக்கப் போறாங்களாம், கன்னத்துக்குக் கலரு வேறயாம்னு” என்றார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டி என் கன்னத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, தொடாமல் நிறுத்திக்கொண்டார். “எப்புடி இருக்குதுன்னு அன்னியிலேர்ந்து நெனச்சிக்கிட்டே இருந்தன்.”

நாற்காலியை லைட்டுக்குக் கீழே இழுத்துப் போட்டேன். வந்து உட்கார்ந்தார். என்னைவிட நிறம், வெயிலில் நின்று நின்று தோல் வறண்டிருந்தது. என் செங்கல் நிறம் அப்படியே வைத்தால் அவருக்குத் தூக்கித் தெரியும். புறங்கையில் நன்றாகத் தேய்த்து, விரலில் ஒட்டினதை மட்டும் தட்டினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துவிட்டேன், மறுபடி வைத்தேன். முடிந்தது, எழுந்திருங்கள் என்றேன்.

எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்து, “எம்புள்ள எந்தப் பக்கம் நிப்பான்?” என்று கேட்டார். உங்கள் இடது கைப் பக்கம் என்றேன். இடது கன்னத்தை எனக்குத் திருப்பிக் காட்டினார்.

“அப்ப இதுக்கு இன்னும் கொஞ்சம் வையுங்க.”